இன்ட்டு மார்க்

விரிப்பை மாற்றுவதற்காகக் கட்டிலின் மேலிருந்த நான்கு மரத்துண்டுகளையும் பெரியவள் அள்ளி எடுத்தபோது, அதுவரை தூங்குவதுபோல் கிடந்த மாமியார் கண்ணைத் திறந்தாள்.

"வரிசைய மாத்திடாத."

"மாத்தல அத்தை."

"வால்நட்டு சுவத்துப் பக்கம். அடுத்தது ஓக்கு. மேப்பிள் கடைசி."

"தெரியும்."

அந்தத் 'தெரியும்' கொஞ்சம் சூடாகவே வந்தது. மூன்று வாரமாகத் தினம் இரண்டு வேளை அந்த வரிசையைக் கலைக்காமல் எடுத்து, கலைக்காமல் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறாள். வால்நட், ஓக், தேக்கு, மேப்பிள். உள்ளங்கை அகலத்துக்கு அறுத்து, ஒரு பக்கம் மட்டும் இழைத்து மெருகு போட்ட துண்டுகள். அவற்றை நாற்காலியில் வைத்துவிட்டு, மாமியாரை ஒருபக்கமாகச் சாய்த்து, பழைய விரிப்பைச் சுருட்டி முதுகுக்கடியில் தள்ளி, புதியதை விரித்து, மறுபக்கம் புரட்டி இழுத்தாள். ஆறு நிமிஷ வேலை. படுத்த படுக்கையாகி இரண்டு வருஷமாகியும் மாமியாரின் முதுகில் ஒரு புண் கிடையாது. போன மாதம் வந்த நர்ஸ் அதைப் பார்த்து அசந்துபோய், "ரொம்ப நல்லா கவனிச்சுக்கறீங்க சார்" என்று பெரியவளின் கணவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவனும் கூச்சமே இல்லாமல் தலையாட்டினான்.

துண்டுகளைத் திரும்பக் கட்டிலில் அடுக்கினாள். மாமியாரின் கை போர்வைக்கு வெளியே வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

"சின்னவ எத்தனை மணிக்கு வரா?"

"பத்துக்கு வரேன்னா."

"அப்ப தலைய வாரி விடு."

டாக்டர் சொன்ன கெடு அநேகமாக முடிந்துவிட்டது. இரண்டு நாளாக உள்ளே போவது தண்ணீர் மட்டும்தான். அந்த நிலையிலும் சின்னவள் வருகிறாள் என்றால் தலை வார வேண்டும். பெரியவள் சீப்பை எடுத்துவந்து வாரிவிட்டாள். தினம் பார்க்கிற தன் முன்னால் எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியவள், சின்னவள் என்பது மாமியார் மருமகள்களுக்கு வைத்த பெயர்கள். இருவருக்கும் வயதில் நான்கே வருஷம்தான் வித்தியாசம். ஆனால் சின்னவள் என்ற பெயரோடு செல்லம் வந்து சேர்ந்துகொண்டது, பெரியவள் என்ற பெயரோடு பாத்திரமும் பக்கெட்டும் வந்து சேர்ந்தன. மாமியார் குளியலறையில் விழுந்த அன்றைக்குக் கூரியர் ஆபீஸ் வேலையை விட்டவள் பெரியவள். அவள் விடுவாளா என்று யாரும் கேட்கக்கூட இல்லை.

சின்னவளும் அவள் கணவனும் ஒரு மணி நேரத் தொலைவில் புது வீடு வாங்கியிருந்தார்கள். ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் மரத்தரை போடுவதென்று முடிவாகியிருந்தது. எந்த மரம் என்பதுதான் கேள்வி. மாமியார் முப்பத்தொரு வருஷம் ஒரு மரவாடியில் குமாஸ்தாவாக இருந்தவள். லாரியில் வந்திறங்கும் மரங்களை அளந்து எழுதுவதுதான் வேலை. ஆனால் போகப்போக அவளைக் கேட்காமல் முதலாளி ஒரு கட்டைகூட வாங்குவதில்லை என்றாகிவிட்டது. அதனால் சின்னவள் ஒரு சனிக்கிழமை மரத்துண்டும் கையுமாக வந்து, "நீங்களே சொல்லுங்க அத்தை, எனக்கு ஒண்ணும் புரியல" என்று கட்டிலில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பிடித்த பேச்சு நான்கு மாதம் ஓடியது. ஆஷ் வந்து போனது, செர்ரி வந்து போனது, பெயர் வாயில் நுழையாத இன்னும் இரண்டு வந்து போயின. கடையில் அரை மணி நேரத்தில் முடிக்கிற காரியம். பெரியவளிடம் "தண்ணி", "திருப்பி விடு", "குழாய மூடினியா" என்பதற்கு மேல் பேசாத அதே வாய், சின்னவளைக் கண்டதும் மடை திறந்துகொள்ளும்.

"வால்நட்டு பாக்க ராஜாதான்டி, நான் இல்லேங்கல. ஆனா மெத்து. உன் புள்ள பொம்மைக் காரைத் தூக்கிப் போட்டான்னா குழி விழுந்துடும். மேப்பிள் கெட்டி. ஆனா ஒரு கறை பட்டுச்சு, ஊருக்கே காட்டிக் குடுத்துடும். தேக்குல எண்ணெய் ஜாஸ்தி, பசை போட்டா அடம் புடிக்கும். போடறவன் கை தெரிஞ்சவனா இருக்கணும்."

"அப்ப ஓக்கா அத்தை?"

"அவசரப்படாத. பாக்கலாம்."

தரை போடுகிறவரிடம் சின்னவள் போனில் பேசினால், மாமியார் அதையும் வாங்கிப் பேசுவாள். பலகையைக் கொண்டுவந்த அன்றே போடக்கூடாது, பத்து நாளாவது அந்த வீட்டுக்குள்ளேயே அடுக்கி வைத்து அந்தக் காற்றுக்குப் பழக விட வேண்டும் என்று பாடம் எடுப்பாள். தரைக்காரர் என்ன சொல்வாரோ, சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்கும். பெரியவள் கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவுவாள்.

"உனக்குப் பொறாமையா?" என்று ஒருநாள் அவள் கணவன் கேட்டான். எலக்ட்ரீஷியன். வீட்டு ஃபேனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா."

இல்லை என்பாள், அதற்கு ஒரு கிண்டல் பண்ணலாம் என்று இருந்தவன் திகைத்துப்போய் ஃபேனுக்குத் திரும்பினான்.

"எனக்கு ஒரு வார்த்தை போதும்" என்றாள் அவள். "இந்த வீட்டுத் தரையப் பாருங்க. இந்த ரூம்ல வினைல் ஷீட்டு மூலைக்கு மூலை பிரிஞ்சு, டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். உனக்கு எந்தத் தரை புடிக்கும்னு என்னை யாராவது கேட்டீங்களா?"

"நமக்கு எதுக்கு இப்ப மரத்தரை?"

"போட வேணாம். கேக்கலாம்ல?"

கேட்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம், மாமியார் அசந்து தூங்குகிறாள் என்ற தைரியத்தில் பெரியவள் அந்தத் துண்டுகளைக் கீழே வைத்து, ஒவ்வொன்றின் மேலும் வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்தாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சிமென்ட்டில் வருகிற ஜில்லிப்பு எதிலும் இல்லை.

"எது நல்லாருக்கு?" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். மாமியாரின் கண் மூடியேதான் இருந்தது.

பெரியவளுக்கு முகம் எரிந்தது. "எல்லாம் ஒண்ணுதான் அத்தை" என்று துண்டுகளைப் பொறுக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஓக்கின் மேல் நின்றபோது பாதத்துக்கடியில் மரத்தின் ரேகைகள் தட்டுப்பட்டன, அது அவளுக்குப் பிடித்திருந்தது. சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

பத்து மணிக்குச் சின்னவள் வந்தாள். வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் கண் கலங்கியது, ஆனால் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அத்தை, தரைக்காரரு இன்னைக்கோ நாளைக்கோ சொல்லச் சொல்றாரு. வால்நட்டா ஓக்கா? நான் ரெண்டுல நிக்கறேன்."

மாமியாருக்கு மூச்சு வாங்கியது. "சாயந்தரம் சொல்றேன்" என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை. சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தாள். குழந்தையை விட்டுவிட்டு வந்த இடத்திலிருந்து போன் வந்ததும் எழுந்தாள்.

"நாலு மணிக்குள்ள வந்துடறேன் அக்கா. பாத்துக்குங்க."

பாத்துக்குங்க. இத்தனை நாள் யார் பார்த்ததாம் என்று கேட்கத் தோன்றியதை விழுங்கிக்கொண்டு பெரியவள் கதவைச் சாத்தினாள்.

சின்னவள் போய்க் கொஞ்ச நேரத்தில் மாமியார் கண்ணைத் திறந்தாள்.

"பென்சில் குடு."

கொடுத்தாள். மாமியார் ஓக் துண்டை எடுத்துத் திருப்பினாள். மெருகு போடாத பின்பக்கத்தில், கை நடுங்க நடுங்க, இரண்டு கோடு குறுக்காக இழுத்தாள். ஒரு இன்ட்டு மார்க். கோணலாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. பிறகு துண்டை அதே இடத்தில் வைத்தாள்.

அந்த மார்க்குக்கு அர்த்தம் பெரியவளுக்குத் தெரியும். கல்யாணமான முதல் மாதம் மாமியார் ஒரு மளிகைப் பட்டியலைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினாள். பாதிச் சாமானுக்கு எதிரே இன்ட்டு போட்டிருந்தது. இன்ட்டு போட்டது வேண்டாம் போல என்று பெரியவள் அதையெல்லாம் விட்டுவிட்டு மீதியை வாங்கி வந்தாள். அரிசி இல்லை, எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை. பிஸ்கட்டும் ஜாமும் ஷூ பாலிஷும் வந்து இறங்கின. மாமியார் பையைக் கொட்டிப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மரவாடியில் ஒருத்தன் ஒரு மரத்தைத் தனக்கென்று பொறுக்கிவிட்டால், அதன் வெட்டுமுகத்தில் சாக்பீஸால் இன்ட்டு போட்டுவிடுவார்களாம். இது போயாச்சு, வேறு யாரும் கை வைக்காதே என்று அர்த்தம். "சரி போட்டா நாலு பேரு சரியான்னு பாக்க வந்துடுவான். இன்ட்டு போட்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றாள் மாமியார். அதற்குப் பிறகு பதினாலு வருஷம் காலண்டரில், மாத்திரை அட்டையில், கல்யாணப் பத்திரிகையில், எதில் இன்ட்டு கண்டாலும் அதுதான் முக்கியம் என்று பெரியவள் புரிந்துகொள்வாள். மகன்கள் இரண்டு பேரும் அம்மா எழுதிய எதையும் கையில் வாங்கிப் படித்துப் பழகியவர்கள் இல்லை. சின்னவளோ வந்ததிலிருந்து தனி வீட்டில் இருந்தவள்.

"அந்தத் தரைக்காரருக்குப் போட்டுக் குடு" என்றாள் மாமியார்.

"சின்னவ வந்தப்புறம் பேசிக்கலாமே அத்தை. மூச்சு வாங்குதுல்ல."

"போட்டுக் குடு."

பட்டன் போனில் நம்பரைத் தேடி அழுத்தி, மாமியாரின் காதோடு தலையணையில் முட்டுக் கொடுத்து வைத்தாள். மணி அடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ "சொல்லுங்கம்மா" என்றார்கள். சாகிற நேரத்திலும் சின்னவள் வீட்டுத் தரைதான் என்று பெரியவள் எரிச்சலோடு நகர்ந்தாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் இல்லை, வெறும் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. உள்ளே பேசுவது காதில் விழாதபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். திரும்பி வந்தபோது போன் தலையணையிலிருந்து நழுவிக் கிடந்தது. மாமியார் கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. அதையும் பெரியவள் தரைக்காரரின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

மூன்றரைக்குத் திருப்பிவிடப் போனாள். தோளில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பழக்கத்தில் ஒருபக்கமாகச் சாய்த்து, முதுகை ஒரு தரம் தடவிப் பார்த்து, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டு, மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தாள். பிறகுதான் கணவனுக்குப் போன் செய்தாள்.

"அத்தை போயிட்டாங்க" என்று சொல்லி முடிக்கும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. அது அவளே எதிர்பார்க்காதது.

சின்னவள் வாசலிலேயே விஷயம் தெரிந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "சாயந்தரம் சொல்றேன்னீங்களே அத்தை" என்று சத்தம் போட்டு அழுதாள். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியவள் அலமாரியிலிருந்து துவைத்த புடவையைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். அழுவதற்கும் அதிர்ஷ்டம் வேண்டியிருக்கிறது. வேலை இருப்பவர்கள் எப்போது அழுவது?

உடம்பைத் துடைத்து உடை மாற்றும்போது சின்னவள் மரத்துண்டுகளை எடுத்து ஓரமாக வைக்கப் போனாள். ஒன்று கைதவறிக் கவிழ்ந்து விழுந்தது. அதை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா. இதுல ஏதோ போட்டிருக்காங்க."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓக்குல இன்ட்டு போட்டிருக்காங்க. இது வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க அக்கா." சின்னவளின் கண்ணிலிருந்து கரகரவென்று வழிந்தது. "அப்ப வால்நட்டுதான். எனக்குப் புடிச்சதையே எடுத்துக்கன்னு விட்டுட்டாங்க."

இப்போது சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். பெரியவளின் வாய் திறக்கவும் செய்தது. ஆனால் சின்னவள் அந்தத் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற நிலை, மாமியாரின் கடைசி வார்த்தை தனக்குத்தான் என்று அவளுக்கு இருந்த நிச்சயம், அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். எடுத்துக்கோ. வால்நட்டே போட்டுக்கோ. உன் பிள்ளை போடுகிற ஒவ்வொரு குழியையும் பார்த்துப் பார்த்துத் துடை.

"அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிப் புடி" என்றாள். "ரவிக்கையப் போடணும்."

மறுநாள் காலை வீட்டு முன்னால் நாற்காலிகள் போட்டார்கள். வந்தவர்கள் வந்து, பார்த்து, உட்கார்ந்து, எழுந்து போனார்கள். மரவாடியில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் மட்டும் நெடுநேரம் இருந்தார். சின்னவளின் போன் அடித்தது. அவள் பின்கட்டுக்கு வந்து பேசினாள். பெரியவள் அங்கே டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார், நேத்துதான்... ரொம்பத் தேங்க்ஸ் சார்... இல்ல சார், தள்ளிப் போட வேணாம். அவங்க கடைசியா பாத்த வேலை அது. வால்நட்டே போட்டுடுங்க. ஓக்கு வேணாம்னு அவங்களே குறிச்சு வெச்சிருக்காங்க... ஏன் சார்?... சரி சார்."

போனை மூடிவிட்டுப் பெரியவளைப் பார்த்தாள். "என்னவோ இழுக்கறாரு அக்கா. பாக்கலாம் மேடம், பாக்கலாம்ங்கறாரு."

பெரியவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு அடி தூரம்தான். சொல்லவில்லை. இரண்டாவது தடவை சொல்லாமலிருப்பது முதல் தடவையைவிடச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை, கஷ்டமாக இருந்தது.

பதினோரு மணிக்கு எடுத்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பி வந்து, குளித்து, ஆண்கள் வாசலில் உட்கார்ந்துகொண்ட பிறகு, மாமியாரின் அறையில் இரண்டு மருமகள்களும் மட்டும் இருந்தார்கள். மெத்தையை எடுத்தாகிவிட்டது. வெறும் கட்டில். ஜன்னல் வழியே மூன்று மணி வெயில் வினைல் ஷீட்டின் மேல் விழுந்தது. இருவரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அக்கா" என்றாள் சின்னவள். "தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"தரை மொத வாரமே முடிவாகியிருக்கும். எனக்குப் பாத்த அன்னைக்கே வால்நட்டு புடிச்சுப் போச்சு. அவரும் சரின்னுட்டாரு. நான்தான் வேணும்னே இழுத்தேன். ஒவ்வொரு வாரமும் கடைக்குப் போயி வேற வேற துண்டா கேட்டு வாங்கிட்டு வருவேன். கடைக்காரனுக்கு என்னைக் கண்டாலே பயம்."

"ஏன்?"

"துண்டு இல்லாம வந்தா அத்தை என்கிட்ட என்ன பேசுவாங்க? சாப்டியா, புள்ள எப்படி இருக்கான். அவ்வளவுதான், நாலு நிமிஷம். அப்புறம் பெரியவள கூப்பிடு. நான் தண்ணி எடுத்துக் குடுத்தாக்கூட, நீ விடு, பெரியவ வரட்டும். தலகாணிய நகத்தினா, உனக்குத் தெரியாது, பெரியவ வரட்டும்." சின்னவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "உங்களப் பாத்தா எனக்கு அப்படி வயிறெரியும் அக்கா. இந்த வீட்டு வாசப்படி ஏறும்போதே எரிய ஆரம்பிச்சுடும்."

பெரியவள் வினைல் ஷீட்டில் பிரிந்து நின்ற டேப்பை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும் நாள் பூரா என்னல்லாம் பேசுவீங்க?"

தண்ணி. திருப்பி விடு. குழாய மூடினியா. அதைத் தவிர வேறு ஏதாவது உண்டா என்று பெரியவள் தேடிப் பார்த்தாள். எது நல்லாருக்கு என்று ஒரு நாள் கேட்டது இருந்தது. அதற்குத் தான் சொன்ன பதிலும் இருந்தது.

"எல்லாம்தான் பேசுவோம்" என்றாள்.

சின்னவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் முகம் விழுந்ததைப் பார்க்கப் பெரியவளுக்கு ஒரு கணம் நிஜமாகவே இனித்தது. பதினாலு வருஷத்தில் கிடைக்காத இனிப்பு. மறு கணமே அது புளித்துப்போனது.

"அந்த ஓக்குல போட்டிருக்கறது வேணாம்னு இல்ல" என்றாள். "அதுதான் வேணும்னு. அவங்க மரவாடில பொறுக்கின மரத்துக்குத்தான் இன்ட்டு போடுவாங்க. வீட்டுலயும் அப்படித்தான். எனக்குத் தெரியும்."

இதைச் சின்னவளுக்காகச் சொன்னாளா, தனக்கு மட்டும்தான் தெரியும் என்று காட்டுவதற்காகச் சொன்னாளா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே விளங்கியிருக்காது. 'எனக்கு' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போனது.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"காலைல நான் போன்ல பேசறப்ப பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

வாசலில் யாரோ இருமினார்கள். சின்னவள் திட்டியிருந்தால் பெரியவளுக்குத் திருப்பித் திட்டச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு சண்டைக்கு வேண்டிய எல்லாம் அவளிடம் தயாராக இருந்தது. சின்னவள் தன் போனை எடுத்து, நம்பரை அழுத்தி, அவளிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்க. எனக்கு இப்ப பேச வராது."

பெரியவள் போனை வாங்கிக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அந்த ஆளோடு அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

"சொல்லுங்க மேடம்."

"நான்... அவங்க இல்ல. அவங்களுக்கு அக்கா முறை. அந்தத் தரை விஷயமா..."

"பெரியவங்களா?"

"ஆமா."

"அப்பாடா. உங்க போனுக்காகத்தான் சரக்குக்கு ஆர்டர் சொல்லாம வெச்சிருந்தேன். நேத்து மத்தியானம் அம்மா கூப்பிட்டிருந்தாங்க. மூச்சு வாங்குது, பாதி புரியல. சின்னவ என்ன சொன்னாலும் எழுதிக்காத, எங்க பெரியவ கூப்பிடுவா, என் குறி அவளுக்குத்தான் படிக்கத் தெரியும்னாங்க."

ஜன்னல் கம்பி வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. பெரியவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடலன்னா என்னம்மா பண்றதுன்னு கேட்டேன்" என்றார் தரைக்காரர். "கூப்பிடுவா, கொஞ்சம் லேட்டா கூப்பிடுவான்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. என்ன மரம்மா?"

பெரியவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"ஓக்கு" என்றாள்.

"ஓக்கு. சரிங்கம்மா. நல்ல மரம்."

பெரியவள் போனை அணைத்தாள்.

"என்னக்கா சொன்னாரு?" என்றாள் சின்னவள், பின்னாலிருந்து.

பெரியவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சரின்னாரு" என்றாள்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

போனைச் சின்னவளின் கையில் கொடுத்துவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். வாடகை நாற்காலிகளை எடுத்துப்போக வண்டி வந்து நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் தனியாக நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவள் அந்தப் பக்கக் கோடியிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள்.